பட்டியலில் இருக்கிறது

பழைய பெட்டியின் வட்டு கரகரத்தது வியாழன் மாலை.
சர்வரைப் பிரதியெடுத்து
புதுப் பெட்டியில் குடிவைக்க இரண்டு மணியாகிவிட்டது.
குடிவைத்தேன் என்பதும் பேச்சுக்குத்தான்.
உடம்பில்லாத ஒன்று
இன்னொன்றின் நினைவுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது.

எழுந்தது.
கடிகாரம் சரி. தரவுத்தளம்
தன் கதவைத் தானே திறந்துகொண்டது.
பிணையம் என்ற வரியில் மட்டும்
சிவப்பாய் ஒரு சொல்:
தோல்வி.

வால்மியெராவில் ஜனவரி. வெளியே மைனஸ் பதினேழு.
நான்கு மணிக்குப் பால் லாரிகள் கிளம்ப வேண்டும்.
எந்தப் பண்ணைக்கு யார், எந்தத் தொட்டியில் எத்தனை லிட்டர்,
எல்லாம் இந்த வாயடைத்த ஜடத்தின் வயிற்றில்.

மறுபடி தொடங்கினேன். தோல்வி.
மறுபடி.
மூன்றாம் முறையும் அதையே செய்பவன்
பழுதுபார்ப்பவன் அல்ல, வேண்டிக்கொள்பவன்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு
நான்காம் முறையும் செய்தேன்.

கேபிளைச் சந்தேகித்தேன். கேபிளே கிடையாது,
இருப்பது கேபிளைப் போல ஒரு நம்பிக்கை.
மெய்நிகர் சுவிட்சைச் சந்தேகித்தேன்.
அதே சுவிட்சில் பக்கத்து சர்வர்கள் இரண்டு
சளசளவென்று பேசிக்கொண்டிருந்தன.
ஐபி முகவரியை விரல் வைத்துப் படித்தேன்,
புள்ளிக்குப் புள்ளி சரி.
பதிவுக்கோப்பு ஒரே வாக்கியத்தை ஒப்பித்தது:
'ஈத் பூஜ்யம் என்ற சாதனம் இருப்பதாகத் தெரியவில்லை.'
தெரியவில்லையாம்!
அட்டை அங்கேதான் இருக்கிறது,
நானேதான் செருகினேன்,
அதாவது ஒரு கட்டத்தில் டிக் அடித்தேன்.

மூன்று நாற்பதுக்கு ஸ்கைத்ரீதே உள்ளே வந்தார்,
தொப்பியில் பனி, கையில் சாவிக்கொத்து.
"இன்னும் எவ்வளவு நேரம், ஆர்வீட்ஸ்?"
"பத்து நிமிஷம்."
எங்கள் தொழிலில் பத்து நிமிஷம் என்பது
கால அளவு அல்ல, ஒரு மரியாதை.
அது அவருக்கும் தெரியும்.
அலமாரியிலிருந்து அக்டோபர் மாத அச்சுப் பட்டியலை எடுத்து
லாரிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

நாலரைக்குத் தொலைபேசி. ஒலிபெருக்கியில் இல்க்வார்ஸ்:
"லியெப்கால்னி பண்ணையில் நிற்கிறேன்.
விளக்கில்லை. கொட்டகையில் பூட்டு.
மாடுகளை நவம்பரிலேயே விற்றாயிற்றாம்,
நாயோடு நிற்கும் ஓர் ஆள் சொல்கிறார்."
"பட்டியலில் இருக்கிறதே?"
"பட்டியலில் இருக்கிறது, ஸ்கைத்ரீதே. இங்கேதான் இல்லை.
எதிர்ப்பக்கம் புதுசாய் ஒரு கொட்டகை, விளக்கெரிகிறது,
பாலும் இருக்கிறதாம்.
பட்டியலில் இல்லாத பாலை எடுக்கலாமா, கூடாதா?"

காபிக் கோப்பை என் உதட்டருகில் நின்றது.

கோப்பைத் திறந்தேன், இரவெல்லாம் திறக்காத அந்த ஒன்றை.
ஆறு ஜோடி எண்ணெழுத்து:
செத்துப்போன பெட்டியில் இருந்த அட்டையின் முகவரி.
பூஜ்யம் என்ற பெயர் அதற்கு மட்டுமே என்று
எழுதிவைத்திருந்தது.
பிரதியெடுத்தபோது பிறந்த அட்டைக்கோ வேறு முகவரி.
'ஒன்று' என்ற பெயரோடு
மூன்று மணி நேரமாய் ஓரத்தில் நின்றிருக்கிறது,
கூப்பிட ஆளில்லாமல்.

வரியை மாற்றினேன். மறுதொடக்கம்.
பச்சை.
நுழைவாயிலைத் தட்டினேன்,
அரை மில்லி நொடிக்குள் பதில்.
நான் கத்தவில்லை. காபி ஆறியிருந்தது, குடித்தேன்.

"எடு" என்றார் ஸ்கைத்ரீதே தொலைபேசியில்.

ஆறு மணிக்குத் திரையில் ஒரு வரிசை வந்தது:
பெயர் பதியாத பண்ணை, 640 லிட்டர், நான்கு டிகிரி.

போகும்முன் அவர் அந்த அக்டோபர் பட்டியலை
மடிப்பு நீவி
அதே அலமாரியில் திரும்ப வைத்ததைப் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் பழைய கோப்பை அழித்திருக்கவில்லை,
பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று ஒட்டி
அதே இடத்தில் விட்டிருந்தேன்.